கொழுந்துக் கூடையும் டொல்பினின் முதுகுத் துடுப்பும்

எங்கள் பாடசாலைக்கு முன்னால் நிற்கும் ஓட்டோக்களின் பக்கக் கண்ணாடிகளில் சொப்பிங் பேக் கட்டியிருக்கும். தலவாக்கலைப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் மழைக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். கட்டுவது கொண்டைக்குருவிக்காக. கட்டாமல் விட்டால் காலை ஏழு மணிக்கெல்லாம் ஒரு குருவி வந்து கண்ணாடியின் மேல்விளிம்பில் உட்காரும். குனிந்து பார்க்கும். உள்ளே இன்னொரு குருவி தலையை நீட்டி முறைக்கும். அவ்வளவுதான், கொத்து தொடங்கிவிடும். கூடு கட்டும் காலத்தில் இன்னும் மோசம்; கண்ணாடி முழுக்க எச்சம். "அது தான்தான்னு அதுக்கு வெளங்குதில்ல சேர்" என்று, இப்போது ஓட்டோ ஓட்டும் என் பழைய மாணவன் ஒருநாள் சொன்னான். விஞ்ஞானத்தில் அவன் எடுத்த புள்ளிகளை இங்கே சொல்ல வேண்டாம். ஆனால் விலங்குகளின் தன்னுணர்வு பற்றி அரை நூற்றாண்டாக நடக்கும் சண்டையின் முதல் வரியை அவன் சரியாகப் பிடித்துவிட்டான்.

இரண்டாவது வரி கடலில் கிடைத்தது. போன மாசியில் தரம் 8 பிள்ளைகளைக் கல்பிட்டிக்குச் சுற்றுலா கூட்டிப் போனோம். இரவு முழுக்க பஸ். கினிகத்தேனை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டு, அப்புறம் புத்தளம் வரை தூங்கினார்கள். கடலையே முதல்முறை பார்க்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். விடிந்ததும் படகு ஏறிக் கொஞ்ச தூரம் போனபோது கூட்டம் வந்தது. கார்த்திகை முதல் சித்திரை வரை அந்தக் கடலில் கூட்டங்கூட்டமாகத் தெரிவது பெரும்பாலும் சுழல் டொல்பின்கள். ஓங்கில் என்று தமிழில் பழைய பெயர் இருக்கிறது. பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆகவே நானும் டொல்பின் என்றே எழுதுகிறேன். தண்ணீரை விட்டு எழும்பி, பம்பரம் மாதிரி உடம்பைச் சுற்றிவிட்டு விழும். நாலைந்து ஒன்றாக எழும்பியபோது படகே கத்தியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில், எப்போதும் பின்வாங்கிலிருந்து கேள்வி கேட்கும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அதுக்கு முதுகு அரிச்சா எப்படிச் சொறியும்? கையில்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன், பதில் தெரியாததால். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது: டொல்பின்களுக்குத் தன்னுணர்வு உண்டா என்ற ஆராய்ச்சி முதலில் முட்டி நின்ற இடமே அதுதான். கையில்லை.

கை ஏன் வேண்டும்? 1970இல் கோர்டன் கலப் என்ற அமெரிக்க உளவியலாளர் சிம்பன்சிகளுக்கு முன்னால் கண்ணாடி வைத்தார். முதல் இரண்டு மூன்று நாள் அவையும் நம் கொண்டைக்குருவி மாதிரித்தான். உள்ளே இருப்பது வேறொருவன் என்று எண்ணி மிரட்டின. பிறகு மிரட்டல் குறைந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பல்லிடுக்கில் ஒட்டியதை எடுத்தன. வேறு வழியில் பார்க்கவே முடியாத இடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. பத்து நாள் கழித்து அவற்றை மயக்கி, ஒரு பக்கப் புருவத்திலும் மறுபக்கக் காதிலும் மணமோ உறுத்தலோ இல்லாத சிவப்புச் சாயத்தைப் பூசினார் கலப். விழித்தெழுந்து கண்ணாடியைப் பார்த்த சிம்பன்சி கையைத் தன் புருவத்துக்குக் கொண்டுபோனது. 'அது நான்' என்று வாயால் சொல்லாமல் கையால் சொன்னது. அதே பரிசோதனையில் குரங்குகள் தோற்றன.

நம் வீடுகளில் இது பரிசோதனை என்று பெயர் வைக்காமலே நடக்கிறது. கண்ணூறு படாமலிருக்கப் பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோமே, அதைக் கவனியுங்கள். என் மகள் எட்டு மாதத்தில் அலுமாரிக் கண்ணாடிக்குள் இருந்த பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். ஒன்றரை வயது தாண்டியபின் ஒருநாள் அதே கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்தைத் தேய்த்து, விரலில் ஒட்டிய மையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் மூக்கில் சிவப்பு வைத்துப் பார்த்ததும் இதைத்தான். 18 முதல் 24 மாதங்களுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இந்தக் கட்டத்தைத் தாண்டுகின்றன என்பது இன்று பாடப்புத்தகக் கணக்கு.

சரி, டொல்பினுக்கு வருவோம். அதன் நெற்றியில் பொட்டு வைத்தால் அது எதைக்கொண்டு தொடும்? துடுப்பு எட்டாது. தொட முடியாத விலங்குக்குத் தொட்டுக்காட்டும் பரீட்சை வைத்தால் தோல்வி நிச்சயம். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து ஒன்றும் தெரியவராது. டயானா ரைஸ், லோரி மரினோ என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்குப் பிடித்தமானது. நியூயோர்க் நீர்வாழ் காட்சியகத்தில் பிரெஸ்லி, டாப் என்று இரண்டு குப்பிமூக்கு டொல்பின்கள் இருந்தன. சில நாட்களில் அவற்றின் உடம்பில் கறுப்பு மார்க்கரால் அடையாளம் வரைந்தார்கள். சில நாட்களில் அதே மாதிரி மார்க்கரால், ஆனால் மையில்லாமல் வெறும் தண்ணீரால், வரைவது போலப் பாவனை செய்தார்கள். தோலில் படும் உணர்வு இரண்டிலும் ஒன்றுதான். பிறகு கையைத் தேடாமல், உடம்பு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார்கள். மை இருந்த நாட்களில் டொல்பின்கள் கண்ணாடிக்குப் போய், மை இருந்த பக்கத்தைக் கண்ணாடிக்குக் காட்டி, புரண்டு வளைந்து அதிக நேரம் நின்றன.

அந்த ஆய்வுக் கட்டுரையில் ஓரமாக ஒரு விஷயம் வருகிறது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் நிற்கிறது. ஒரு தடவை நாக்கில் அடையாளம் போட்டார்கள். அந்த டொல்பின் நேராகக் கண்ணாடிக்கு நீந்திப் போய் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆய்வுக்காலம் முழுவதிலும் அது அதற்கு முன் அப்படிச் செய்ததே இல்லை. பல் வைத்தியரிடம் போய்வந்தவர் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று செய்யும் அதே வேலை. இன்னொன்றும் உண்டு: பக்கத்தில் நீந்தும் மற்ற டொல்பினின் உடம்பில் இருந்த மையை இரண்டுமே கண்டுகொள்ளவில்லை. தன்மேல் என்ன இருக்கிறது என்பதில்தான் அக்கறை.

2018இல் ரைஸும் ரேச்சல் மொரிசனும் பால்டிமோர் காட்சியகத்தில் இரண்டு இளம் டொல்பின்களை வைத்து இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பெய்லி என்ற குட்டி ஏழு மாத வயதிலேயே கண்ணாடி முன்னால் தன்னைத் தான் பார்த்துக்கொள்ளும் செய்கைகளைத் தொடங்கிவிட்டது. அந்தச் சமயம் அது அங்கே குமிழி ஊதியது, தலைகீழாக நின்றது, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தது என்ற விவரங்களைப் படிக்கும்போது எந்தப் பிள்ளைமடுவத்திலும் பார்க்கும் காட்சியாகவே தெரிகிறது. மனிதக் குழந்தையைவிட முந்தி! இதைக் கேட்டதும் செய்தித்தாள்கள் டொல்பினுக்கு மாலை போட்டன. நான் அவ்வளவு அவசரப்படமாட்டேன். டொல்பின் குட்டி பிறந்த நிமிடமே நீந்தி மேலே வந்து மூச்செடுக்க வேண்டும்; நம் பிள்ளை ஒரு வருடம் கழித்துத்தான் நடக்கிறது. உடம்பை ஆளும் திறமை முந்தி வந்தால், அந்த உடம்பைக் கண்ணாடியில் அடையாளம் காண்பதும் முந்தி வருவது ஆச்சரியமில்லை.

பரீட்சையை எழுதிய கலப்பே டொல்பின்களுக்குச் சித்தி கொடுக்கவில்லை. கைகொண்டு தொடாதவரை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவர் பக்கம். மறுபக்கம், பரீட்சையே கோணல் என்கிறவர்களும் உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கென்யாவில் ஒன்றரை முதல் ஆறு வயதுவரையான 82 பிள்ளைகளுக்கு இதே அடையாளப் பரீட்சையை வைத்தார்கள். 2 பேர்தான் தேறினார்கள். மற்ற 80 பேருக்கும் தன்னுணர்வு இல்லை என்று யாராவது சொல்வார்களா? பெரும்பாலோர் கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றார்கள். பெரியவர்கள் முன்னால், யாரோ வைத்த அடையாளத்தைத் தானாக அழிக்கலாமா என்ற தயக்கமாகவும் இருக்கலாம். பொட்டு வைத்து வளரும் நம் பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒரு புள்ளியைக் காட்டினால் அதை அழிக்க வேண்டும் என்று தோன்றுமா என்பதும் எனக்குச் சந்தேகம். இன்னொரு முனையில், பவளப்பாறைகளில் மற்ற மீன்களைச் சுத்தம் செய்யும் ஒரு விரல்நீள மீன், தொண்டையில் ஒட்டுண்ணி போலத் தெரியும் அடையாளத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தொண்டையை மணலில் உரசியது என்று 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மீன் சித்தி, பிள்ளைகள் கோட்டை விட்டார்கள். இப்படி ஒரு பெறுபேறு வந்தால் எங்கள் பாடசாலையில் வினாத்தாளைத்தான் முதலில் சந்தேகப்படுவோம்.

வினாத்தாள் உண்மையில் எதைக் கேட்கிறது? கண்ணால் பார்க்கும் ஓர் அசைவையும் உள்ளே உணரும் ஓர் அசைவையும் ஒன்றோடொன்று பொருத்தச் சொல்கிறது. அங்கே வால் ஆடுகிறது, இங்கேயும் வால் ஆடுகிறது, ஆகவே அந்த வால் என்னுடையது. அப்படியென்றால் கண்ணாடிக்கு முன்னமே உள்ளே ஓர் உடம்பு தெரிந்திருக்க வேண்டும். நான் பேச வந்தது அந்த உள்ளுடம்பைப் பற்றி. அதற்குக் கடலுக்குப் போகவேண்டியதில்லை. எங்கள் லயத்து வாசலே போதும்.

என் அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். மலையிலிருந்து வரும்போது கூடை முதுகில் இருக்கும், கயிறு உச்சந்தலையில். எங்கள் காம்பரா வாசல் ஒடுக்கமானது. இஸ்தோப்புப் படியில் காலை வைக்கும்போதே இடது தோளை முன்னால் விட்டு, இடுப்பை லேசாக ஒடித்து, கூடை நிலையில் படாமல் உள்ளே வந்துவிடுவார். திரும்பிப் பார்க்கமாட்டார். அடுத்த காம்பரா அக்காவோடு பேசிக்கொண்டே வருவார். தேயிலை மரங்களுக்கு நடுவே நெரையில் போகும்போதும் அப்படித்தான். பக்கத்து மரத்தின் வாது கூடையில் உரசப்போகிறது என்பது கூடைக்கு முன் முதுகுக்குத் தெரிந்துவிடும். கூடை அவருடைய முதுகின் கடைசிப் பகுதியாகிவிட்டது.

1911இல் ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு பிரித்தானிய நரம்பியல் மருத்துவர்கள் இதை எழுதினார்கள். நம் உடம்பு எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒரு வரைபடத்தை மூளை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது என்றும், அந்த வரைபடம் தோலோடு முடிவதில்லை என்றும் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த உதாரணம், சீமாட்டியின் தொப்பியில் செருகிய இறகு. அந்த இறகின் நுனிவரை அவள் உடம்பு நீள்கிறது என்றார்கள். தோட்டத்துப் பக்கம் வந்திருந்தால் இறகுக்குப் பதில் கூடையை எழுதியிருப்பார்கள். 1996இல் ஜப்பானில் அட்சுஷி இரிக்கியும் கூட்டாளிகளும் குரங்குகளுக்குச் சின்ன வாரியால் தீனியை இழுக்கப் பழக்கி, மூளை நரம்பணுக்களை அளந்தார்கள். கையைச் சுற்றியுள்ள இடத்துக்கு மட்டும் பதில் சொன்ன சில நரம்பணுக்கள், பழகியபின் வாரியின் நுனிவரை உள்ள இடத்துக்கும் பதில் சொல்லத் தொடங்கின.

அம்மா ஓய்வெடுத்துப் பல வருடமாகிவிட்டது. இப்போது நிறையத் தோட்டங்களில் கூடையே இல்லை, நைலோன் சாக்குத்தான். கையில் ஒன்றுமில்லாமல் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போதும் எங்கள் வாசலில் அவருடைய இடது தோள் முன்னால் போகிறது. ஏன் என்று கேட்டால், "எங்கடா போகுது?" என்கிறார்.

இந்தப் பதிலில்தான் முடிச்சு இருக்கிறது. உடம்பு தெரிவது வேறு, உடம்பைப் பற்றித் தெரிவது வேறு. முதலாவது இல்லாமல் எந்தப் பிராணியும் ஓரடி நகராது. கொண்டைக்குருவிக்கும் தன் சிறகின் அகலம் தெரியும். இல்லையென்றால் கிளைக்குள் நுழைய முடியாது. இரண்டாவது அப்படியில்லை. தன் உடம்பின் ஒரு பகுதியை எடுத்து, அதை ஒரு பொருளாக நினைத்து, கேட்டபோது கேட்டபடி பயன்படுத்துவது. டொல்பினுக்கு அது இருக்கிறதா?

இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சி கண்ணாடி ஆய்வு அல்ல, ஹவாயில் ஹொனலூலு நகரத்துக் கரையில் லூயிஸ் ஹேர்மன் நடத்திய ஆய்வுகூடத்திலிருந்து 2001இல் வெளிவந்த வேலை. அங்கே எலிலே என்ற பெண் டொல்பினுக்குக் கைச்சைகை மொழி ஒன்றைப் பழக்கினார்கள். பொருட்களுக்கும் செயல்களுக்கும் சைகைகள் இருந்ததோடு, அவளுடைய சொந்த உடம்பின் ஒன்பது உறுப்புகளுக்கும் தனித்தனிச் சைகை இருந்தது. முகவாய், வாய், நெற்றிப் புடைப்பு, முதுகுத் துடுப்பு, வயிறு, வால் என்று. பிறகு சைகைகளைக் கோர்த்துக் கேட்டார்கள். மிதக்கும் தட்டை முதுகுத் துடுப்பால் தொடு. கூடையை வயிற்றால் தொடு. இந்த உறுப்பைக் காட்டு. அதை ஆட்டு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். சர்க்கஸ் யானையும் காலைத் தூக்கு என்றால் தூக்கும். வித்தியாசம் இதுதான்: 'தூக்கு' என்று பழக்கும்போது ஒரு சைகைக்கு ஓர் அசைவு. எலிலேயிடம் கேட்டது அசைவை அல்ல, உறுப்பின் பெயரை. ஒரே உறுப்பை ஒருமுறை காட்ட வேண்டும், ஒருமுறை ஆட்ட வேண்டும், ஒருமுறை அதனால் ஒரு பொருளைத் தொட வேண்டும். பொருளும் மாறும். இதற்கு முன் செய்திராத சேர்க்கைகளைக் கேட்டபோதும் அவள் பெரும்பாலும் சரியாகச் செய்தாள். முதுகுத் துடுப்பால் ஒரு தட்டைத் தொட வேண்டுமென்றால் அவள் தட்டுக்குக் கீழே போய், உடம்பைத் திருப்பி, தன் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பை அதன்மேல் வைக்க வேண்டும். கடலில் எந்த டொல்பினும் முதுகுத் துடுப்பால் தட்டைத் தொட்டுப் பிழைப்பதில்லை. அது பழக்கத்தில் வந்ததல்ல. அம்மாவிடம் "உங்கள் கூடையின் வலது ஓரத்தால் கதவைத் தொடுங்கள்" என்று கேட்டால் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தொடுவார். எலிலே செய்தது அந்த வேலை.

ஹேர்மனின் டொல்பின்கள் இன்னொன்றும் செய்தன. குளக்கரையில் நிற்கும் மனிதர் ஓர் அசைவைச் செய்து, 'என்னைப் போலச் செய்' என்று சைகை காட்டினால் செய்யும். மனிதர் காலைத் தூக்கினால்? டொல்பினுக்குக் காலில்லை. வாலைத் தூக்கியது. அவன் உடம்பில் கால் எங்கே இருக்கிறதோ, என் உடம்பில் வால் அங்கே இருக்கிறது என்ற ஒரு பொருத்தத்தை எங்கிருந்தோ போட்டுக்கொண்டது. நம் கடைசிப் பொது மூதாதை வாழ்ந்து ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியை மறுபடி வாசித்துப் பாருங்கள். 'இப்போது செய்ததையே மறுபடி செய்' என்ற கட்டளைக்கும் அவை சரியாகப் பதில் சொன்னதாக 1998இல் எழுதினார்கள். தான் கடைசியாகச் செய்தது என்ன என்பது நினைவிலிருந்தால்தான் அது முடியும்.

கண்ணையே கட்டிவிட்டால்? புளோரிடாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் டானர் என்ற டொல்பினுக்கு ரப்பர் கிண்ணங்களால் கண்ணை மூடிவிட்டு, மற்ற டொல்பின்கள் செய்வதைச் செய்யச் சொன்னார்கள். செய்தது. 2010இல் வெளிவந்தது இந்த முடிவு. பிறகு மனிதர் தண்ணீரில் செய்யும் அசைவுகளைக் கண்மூடிய டானர் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தபோது, ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்பதை அது கூட்டிக்கொண்டது. காதால் ஓர் உடம்பைப் 'பார்த்து', அதைத் தன் உடம்பில் போட்டுக் காட்டுகிறது. இதற்குமுன் ஒரு கண்ணாடித் தகட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு 'உன்னைத் தெரிகிறதா' என்று கேட்டது எவ்வளவு நம்முடைய கேள்வி என்று தோன்றுகிறது. கண்ணாடி கண்ணுள்ளவன் வீட்டுச் சாமான். எதிரொலியில் வாழ்கிறவனுக்கு அது வெறும் சுவர்.

ஒலி என்றதும் பெயருக்கு வரவேண்டும். மார்கழியில் மிஸ்ட் இறங்கினால் மலையில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அப்போது பெண்கள் நெரைக்கு நெரை ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பறிப்பார்கள். கலங்கிய கடலும் அந்த மாதிரித்தான். குப்பிமூக்கு டொல்பின் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு என்பதை 1965இல் கால்ட்வெல் தம்பதியர் கண்டார்கள். குட்டி முதல் ஒரு வருடத்துக்குள் அதை உருவாக்கிக்கொள்கிறது. ஒரு வித்தியாசம்: நாம் மற்றவரின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம், அவை பெரும்பாலும் தன் பேரையே சொல்லும். 'நான் இன்னார், இங்கே இருக்கிறேன்.' ஆனால் 2013இல் ஸ்டெஃபனி கிங்கும் வின்சென்ட் யானிக்கும் ஸ்கொட்லாந்துக் கடலில் ஒரு டொல்பினின் சீழ்க்கையைப் போலியாக ஒலிக்கவிட்டபோது, அந்தச் சீழ்க்கைக்குரியது பதில் குரல் கொடுத்தது. தன் பேரைப் பிறர் வாயில் கேட்டுத் திரும்புகிறது. அதே ஆண்டு ஜேசன் ப்ரக் வெளியிட்ட ஆய்வில், 20 வருடத்துக்கு முன் ஒன்றாக இருந்த கூட்டாளியின் சீழ்க்கையையும் டொல்பின்கள் அடையாளம் கண்டன. என்னிடம் படித்த பிள்ளைகள் பேரெல்லாம் எனக்கு அவ்வளவு காலம் நிற்பதில்லை.

யானையைச் சொல்லாமல் விட்டால் கண்டியில் பெரஹர பார்க்கும் என் உறவுக்காரர்கள் கோபிப்பார்கள். நியூயோர்க்கில் ஹெப்பி என்ற ஆசிய யானை 2006இல் கண்ணாடியைப் பார்த்துத் தன் நெற்றியின் வெள்ளைக் குறியைத் துதிக்கையால் தொட்டது. கூட இருந்த மற்ற இரண்டும் தொடவில்லை. எனக்கு அதைவிடத் தாய்லாந்தில் 2017இல் நடந்தது சுவையானது. யானையை ஒரு பாய்மேல் நிறுத்தி, பாயோடு கயிற்றால் கட்டிய தடியை எடுத்துக் கொடு என்று கேட்டார்கள். பாயைவிட்டு இறங்கினால்தான் தடி வரும். 12 யானைகள், 48 தடவை. சுமார் 42 தடவை இறங்கின. தடி பாயில் கட்டப்படாதபோது இறங்கியது 3 தடவைதான். இடைஞ்சலாக நிற்பது தன் உடம்புதான் என்பது அவற்றுக்குத் தெரிந்தது. தான் உட்கார்ந்திருக்கும் பாயையே இழுத்து இழுத்துப் பார்த்து அழும் பிள்ளைகளை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

ஆக, தன்னுணர்வு என்பது இருக்கிறது அல்லது இல்லை என்று சுவிட்ச் போடும் சமாச்சாரமாக எனக்குத் தெரியவில்லை. உடம்பின் எல்லை, உறுப்பின் பெயர், கடைசியாகச் செய்தது, தன் பேர், கண்ணாடியில் தன் முகம் என்று பல இழைகள். நமக்கு அவை ஒரே கயிறாக முறுக்கி வந்துவிட்டதால் ஒன்றே என்று நினைக்கிறோம். டொல்பினிடம் எந்த இழை தடித்தது, எது மெல்லியது என்பது வேறு கணக்கு. கண்ணாடி அதில் மெல்லிய இழையாக இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இந்த ஆராய்ச்சிகள் கிட்டத்தட்ட எல்லாமே குளத்தில் அடைபட்டவற்றை வைத்து நடந்தவை என்பதும் உறுத்துகிறது. தன்னை அடையாளம் காண்கிறது என்று நிரூபிக்கப்பட்டது எதுவோ அதை அடைத்து வைப்பது எப்படி என்ற கேள்வி ஆய்வாளர்களையே பிடித்தது. லோரி மரினோ அடைபட்ட டொல்பின்களில் ஆய்வு செய்வதைப் பிற்பாடு விட்டேவிட்டார். 2013இல் இந்தியா டொல்பின் காட்சிக் குளங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பதில் கடைசியில் கிடைத்தது, அதுவும் குளத்திலிருந்து அல்ல, எகிப்துப் பக்கம் செங்கடலிலிருந்து. 2022இல் வெளிவந்தது. அங்கே டொல்பின்கள் பவளப்பாறைக்குப் போய், குறிப்பிட்ட சில பவள வகைகளையும் ஒரு கடற்பஞ்சையும் மட்டும் தேர்ந்தெடுத்து உடம்பை உரசிக்கொள்கின்றன. உரசும்போது அவற்றிலிருந்து ஒரு பிசின் கசிகிறது. அதில் கிருமியை எதிர்க்கும் சேர்மங்கள் இருப்பதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். தோலுக்கு மருந்தாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எல்லாம் ஒன்றாக விழுந்தடித்துப் போவதில்லை. ஒன்றின் பின் ஒன்றாக வந்து, தன் முறையில் முதுகையும் வயிற்றையும் தேய்த்துவிட்டு, சுற்றிப் போய்த் திரும்பப் பின்னால் சேர்ந்துகொள்கின்றன.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்போ அங்கயும் லைன்ல நிக்கணுமா சேர்?" என்றாள்.